எட்டாம் இடத்தில் என் மகள்

பாம்பன்,
வியாழக்கிழமை.

அன்பிற்குரிய மாப்பிள்ளை ஜெபஸ்டினுக்கு, அத்தான் சவேரியார், ஆண்டவர் பெயரால் வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் அற்புதம்மாளும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று மதியத்திலிருந்து நலமில்லை. உப்பூரில் நீங்களாவது நலமாக இருக்க அந்தோணியாரை வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், என் போன் படகிலிருந்து நழுவிக் கடலோடு போய்விட்டது. உன் அக்காளோ, "நீங்க எழுதுன எழுத்துக்கு நீங்களே எழுதி அழுங்க" என்று தன் போனைத் தர மறுக்கிறாள்.

விஷயம் இதுதான். நம் ஜாஸ்லின் படிக்கும் ராமநாதபுரம் கல்லூரியில் முதல் தடவையாகப் பல கல்லூரிகள் கலந்துகொள்ளும் தடகளப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறுதிச் சுற்றுக்குத் தேறிய எட்டுப் பேரில் உன் மருமகளும் ஒருத்தி, சனிக்கிழமை ஓட்டம். அங்கே விளையாட்டு ஆசிரியர் யோகேஸ்வரன் பெற்றோருக்கும் ஒரு போட்டி வைத்தார். ஒவ்வொரு போட்டியிலும் யார் எந்த இடம் வருவார்கள் என்று முன்கூட்டியே தாளில் எழுதித் தர வேண்டும், அதிகம் சரியாக எழுதியவருக்கு முதுகுளத்தூர் ஆட்டுக்கிடா பரிசு. கிடா என்றதும் நான் விடுவேனா? மூன்று நாள் கடலுக்குப் போகாமல் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை வாடைக்காற்று எதிரே அடிக்கும், ஆகவே நூறு மீட்டரில் ஒல்லிப் பிள்ளைகள் தேறமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர்க் கேனை ஒற்றைக் கையால் மாடிக்குத் தூக்கிப் போகிற ஜஸீலா என்ற பிள்ளைக்குக் குண்டு எறிதலில் முதலிடம் கொடுத்தேன். கை பரபரவென்று ஓடியது மாப்பிள்ளை, கிடாவின் கழுத்துக் கயிறு என் கையில் இருப்பது போலவே இருந்தது.

கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வந்தது. முதலிடம் முதுகுளத்தூர் முருகலட்சுமி என்று எழுதினேன். எட்டாமிடம் ஜாஸ்லின் என்று எழுதினேன். நீயே சொல், வேறென்ன எழுத முடியும்? கடலுக்குப் போகிற எவனாவது, "இன்னைக்கு அள்ளிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படகேறுவானா? "என்னத்தக் கெடைக்கப் போகுது, சும்மா போயிட்டு வாரோம்" என்றுதானே சொல்வோம். வாய்விட்டுச் சொன்னால் வலை வெறுமையாக வரும் என்பது ஊரறிந்தது. என் பிள்ளை முதலாவது வருவாள் என்று என் கையாலேயே எழுதி அவள் ஓட்டத்தை நானே கெடுப்பேனா?

யோகேஸ்வரன் சார் தங்கமான மனிதர்தான், ஆனால் கடற்கரை ஆள் இல்லை, நம் வழக்கம் தெரியாது. நேற்று மதியம் வேடிக்கைக்காக எல்லாத் தாளையும் மைக்கில் வாசித்தார். "ஜாஸ்லினோட அப்பா, ஜாஸ்லின் கடைசியா வருவான்னு எழுதியிருக்காரு" என்றதும் மைதானமே சிரித்தது. ஜாஸ்லின் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்தவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் எழுந்து போகிறாள். "கூறுகெட்ட மனுசா, பிள்ளை இனி ஓடமாட்டா" என்கிறாள் உன் அக்காள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். இக்கடிதம் கண்டதும் அவளுக்குப் போன் போட்டு, அப்பா ஆசையில்தான் அப்படி எழுதினார் என்று எடுத்துச் சொல். கடிதத்தைப் பஸ் கண்டக்டர் அப்துல் அஜீஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் வீட்டார் அனைவருக்கும் என் ஆசீரும், உன் அக்காளின் முறைப்பும்.

இப்படிக்கு,
அத்தான் சவேரியார்

பி.கு.: போன் போடாதே. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜாஸ்லின் வழிமறித்துக் கடிதத்தைப் பிடுங்கி வாசித்துவிட்டாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மாணவர்களுக்கும் அதே போட்டி வைத்தார்களாம், தாளை நாளைதான் கொடுக்க வேண்டுமாம். எட்டாமிடத்தில் அவளே தன் பெயரை எழுதியிருக்கிறாள். "பேசுனா வாய்தவறி ஜெயிச்சுருவேன்னு சொல்லிருவேன்னுதான்ப்பா வாயப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க மட்டும் மொத எடம்னு எழுதியிருந்தீகன்னா, நேத்தே சண்டை போட்டிருப்பேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை. சனிக்கிழமை நீ குடும்பத்தோடு கட்டாயம் வர வேண்டும். எப்படியும் கடைசியாகத்தான் வரப்போகிறாள், வரும்போது பத்தாயிரம் வாலா சரவெடி ஒன்று வாங்கி வா.