ஐந்து தொகுதியிலும் தோற்றவன்

"படம் பார்க்க மாட்டேன்" என்று நான் சபதம் எடுத்தது பதுளையில், நூலகத்தின் மேல்மாடியில், முப்பத்தாறு பேர் முன்னிலையில்.

படம் என்றால் 'கல்முகில் நாடு'. மேகத்துக்கு மேலே கல்லால் கட்டிய ஒரு நாடு, அங்கே பறக்கிற மீன், மந்திரவாதிகள், அரியணைச் சண்டை. ஐந்து தொகுதி நாவல். எங்கள் வாசகர் வட்டத்தில் அதற்குக் கோயில் கட்டாத குறை. அதைப் படமாக எடுத்துத் தியேட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வட்டம் இரண்டாக உடைந்துவிட்டது. புத்தகம்தான் உசத்தி என்று ஒரு கூட்டம். படம்தான் உசத்தி என்று இன்னொரு கூட்டம். ஒரே கிராமபோன் தட்டுப் போல இரண்டு கூட்டமும் சுற்றிச் சுற்றி அதையே பேசின.

நான் எழுந்தேன்.

"அஞ்சு தொகுதியையும் மூணு தடவை வாசிச்சவன் நான். என் மனசுல ஒரு கல்முகில் இருக்கு. எந்த டைரக்டரும் வந்து அதைக் கலைக்க விடமாட்டேன். அந்தப் படத்தை என் கண்ணால பார்க்க மாட்டேன்."

கைதட்டல். போன் கடை வைத்திருக்கும் ஸனூஸ் மட்டும் தட்டவில்லை. அவன் படக் கட்சி.

"அண்ணன், வீட்ல அண்ணியும் வாசிச்சிருக்காங்களா?" என்றான்.

"அவளா? மாசம் ஒருக்கா அந்தப் புத்தகத்துக்குத் தூசி தட்டுவா. அவளுக்கும் இலக்கியத்துக்கும் அம்புட்டுத்தான் சம்பந்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த மரியகொரட்டி சிரிக்கவில்லை. என் மனைவியோடு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு கம்மி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் மட்டும் ஒரு உண்மையைச் சொல்கிறேன். நான் வாசித்தது முதல் தொகுதியில் நாற்பத்து மூன்று பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரைபடம். பதினோராம் பக்கத்தில் அரச பரம்பரை. அறுபத்து நான்கு பெயர், அதில் பத்தொன்பது பெயர் 'கொ'வில் ஆரம்பிக்கும். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கொதம்பன் என்று ஒருவன் வந்து "மாமா" என்று அழுதான். யாருடைய மாமா, யாருக்கு மாமா என்று எனக்குத் தெரியவில்லை. மூடிவிட்டேன். அது நடந்து ஆறு வருஷம். அன்றிலிருந்து ஐந்து தொகுதியும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற தட்டில் நிற்கின்றன.

பிறகு ஏன் இந்த வீராப்பு என்று கேட்பீர்கள். எங்கள் தலைவர் யாகோப்பு மாஸ்டர் கொழும்பில் மகள் வீட்டோடு போகிறார். பதவி காலி. தோட்டத்து ஒபீஸில் கிளாக்கராக இருபது வருஷம் மற்றவர்களுக்குத் தலையாட்டியவன் நான். எனக்கு முன்னால் நாலு பேர் தலையாட்டுவதை ஒரு தடவை பார்த்துவிட ஆசை.

நூலகப் பொறுப்பாளர் ஜெசீகா தீர்ப்புச் சொன்னார். "மூணு கிழமைக்குப் பிறகு விவாதம் வைப்போம். புத்தகத்துக்கு நம்ம கிளாக்கர் சின்னராசா அண்ணன், படத்துக்கு ஸனூஸ். அன்னைக்கே தலைவரையும் தெரிவு செய்வோம்."

புத்தகத்தை வாசிக்கவில்லை. படத்தைப் பார்க்கவும் முடியாது. வீடு இருக்கும் தெமோதரைக்கு பஸ்ஸில் போகும்போது தலை சுற்றியது. மலைப்பாதை வளைவுகளால் அல்ல.

வீட்டில் என் மனைவி விஜயலெட்சுமி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"லெட்சுமி, ஒரு உதவி."

"தேங்கா திருவணும். நீங்க உதவுங்க."

"அது இல்ல. உனக்கு வாசிக்கப் பிடிக்குமா?"

அவள் கை நின்றது. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். கலியாணமாகிப் பதினொரு வருஷத்தில் நான் கேட்காத கேள்வி.

"ஏன் கேக்குறீங்க?"

"நம்ம அலுமாரில இருக்கே, அந்த அஞ்சு தொகுதி. நீ வாசிச்சு, பொழுதுபட எனக்குக் கதையா சொல்லணும். எனக்குத் தெரியாதுன்னு இல்ல. ஞாபகத்தைப் புதுப்பிக்கத்தான்."

"மூணு தடவை வாசிச்சது மறந்துருச்சா?"

நான் வட்டத்தில் சொன்னது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பதவி ஆசை வந்தவனுக்கு மூளை கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

"சரி, வாசிக்கிறேன்" என்றாள். "ஆனா புத்தகம் பிடிக்க ரெண்டு கை வேணும். பார்க்க ரெண்டு கண்ணு வேணும். அடுப்புக்கு வேற கையும் கண்ணும் என்கிட்ட இல்ல."

"அதுக்கு?"

"உங்ககிட்ட இருக்கே."

இப்படித்தான் நான் அடுப்படிக்குள் போனேன். முதல் நாள் ரொட்டி சுட்டேன். அதைக் கூரைத் தகரத்துக்குப் பதிலாகப் போட்டிருக்கலாம். இரண்டாம் நாள் பருப்பு. மூன்றாம் நாள் அதே பருப்பு, சட்டியை விட்டு வர மறுத்துவிட்டது. அவள் முன்வாசலில் என் சாய்மனைக் கதிரையில், காலை நீட்டி, என் கம்பளிச் சால்வையைப் போர்த்தி, மடியில் தொகுதியோடு இருந்தாள். சில நேரம் தானாகச் சிரித்தாள். ஒரு நாள் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன நடந்துச்சு?" என்று கரண்டியோடு ஓடினேன்.

"பிளேன்டீ ஆறிப்போச்சு" என்றாள்.

பொழுதுபடக் கதை சொல்வாள். நான் வெங்காயம் உரித்தபடி கேட்பேன், நடுவில் கை துடைத்துக் குறிப்பு எழுதுவேன்.

"இளவரசி தழலி அருவிப் பக்கமா வர்றா. அங்க ஒரு கவிதை. நாலு சரணம். சரணத்துக்கு ஒரு உடுப்பு மாத்துறா."

"புத்தகத்துலயா?"

"வர்ணனைங்க. எழுத்தாளர் நுணுக்கமா எழுதியிருக்காரு."

"பின்னால யாராவது நிக்கிறாங்களா?"

"தோழிமாரு நாப்பது பேரு. எல்லாரும் ஒரே மாதிரிக் கையத் தூக்குறாங்க."

குறிப்பெடுத்தேன். 'தோழியர் நாற்பது. கை தூக்கும் அழகு. படம் இதைக் காட்டியிருக்கச் சாத்தியமில்லை.'

"அப்புறம் கோபுரத்துல இருந்து அவ விழுறா. மெதுவா விழுறா. விழ விழ அம்மா, அப்பா, சின்ன வயசு எல்லாம் ஞாபகம் வருது. கீழ ஒரு வெள்ளக் குதிர வந்து தாங்கிக்குது. அதுல கதாநாயகன். அங்க கதை பாதியில நிக்குது."

"ஏன் நிக்குது?"

"ஆளுங்க வெளிய போய் ஏதாவது குடிச்சிட்டு வரட்டும்னுதான்."

எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் மரியகொரட்டியோடு பதுளைக்குப் பல் காட்டப் போனாள். இரண்டு தடவையும் பல் பளபளவென்று சிரித்தபடி திரும்பி வந்தாள். அதற்கும் வரவில்லை.

விவாத நாள் வந்தது. மேல்மாடி நிறைந்திருந்தது. லெட்சுமியும் பச்சைப் புடவை கட்டி வந்து மரியகொரட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவனின் வெற்றியைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

ஸனூஸ் முதலில் பேசினான். "நான் புத்தகம் வாசிக்கல. ரெண்டாயிரம் பக்கத்தை ரெண்டே முக்கா மணித்தியாலத்துல முடிச்சுத் தந்தவங்களுக்கு நன்றி." உட்கார்ந்துவிட்டான்.

என் முறை. தொண்டையைச் செருமினேன்.

"படம் எடுத்தவரிடம் மூன்றே கேள்வி. அருவிக் கரையில் தழலி வருகிறாளே, நாலு சரணம், நாலு உடுப்பு, நாற்பது தோழியர். நாவலின் உயிர் அது. அதைக் காட்டினாயா?"

சபை அமைதியாக இருந்தது. மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஸனூஸ் கை தூக்கினான். "அண்ணன், அது படத்துலதான் இருக்கு."

"சரி, ஏதோ தெரியாமல் எடுத்திருப்பான். கோபுரத்திலிருந்து அவள் மெதுவாக விழுகிறாளே? வெள்ளைக் குதிரை தாங்குகிறதே? அந்த இலக்கிய நயத்தைத் தொட அவனுக்குத் தைரியம் இருந்ததா?"

"டிரெய்லர்லயே இருக்குண்ணன்."

ஜெசீகா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கிளாக்கர் ஐயா, புத்தகத்துல குதிரையே கிடையாது. கல்முகிலுக்கு ஓடத்துலதான் போகணும். அதோட தழலி இளவரசி இல்ல. மகாராணி. வயசு அறுபத்து மூணு."

யாரோ ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். பிறகு யாரும் இருமவில்லை, நேராகவே சிரித்தார்கள். தேர்தலில் ஒரு தொகுதியில் கட்டுப்பணம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்து தொகுதியிலும் ஒரே நிமிஷத்தில் இழந்தவன் நான்தான். மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்தாள்.

"மன்னிக்கணும். இவரு தப்பாப் பேசல. படத்தை மட்டும் பார்த்த ஆளு, புத்தகம் வாசிச்சேன்னு மேடையில ஏறினா எப்படி இருக்கும்னு நடிச்சுக் காட்டுறாரு. மூணு கிழமையா வீட்ல ஒத்திகை பார்த்தோம்."

ஒரு நொடி யோசித்துவிட்டு சபை கைதட்டியது. "அருமையான நடிப்பு" என்றார் யாகோப்பு மாஸ்டர். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

"இப்ப புத்தகத்தைப் பத்திச் சொல்லட்டுமா?" என்றாள் லெட்சுமி.

சொன்னாள். கையில் குறிப்பு இல்லை. பண்டாரவளையில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் நூலகத்தில் பெயர் கொடுத்துக் காத்திருந்ததைச் சொன்னாள். அறுபத்து நான்கு பெயரும் அவள் வாயில் வரிசையாக வந்தன. கொதம்பனின் மாமா யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"புத்தகத்துல அறுபத்து மூணு வயசுல ஒருத்தி தன் நாட்டைத் திருப்பிக் கேக்குறா. படத்துல இருபத்திரண்டு வயசுல ஒருத்தி மாப்பிள்ளை கேக்குறா. ஸனூஸ் தம்பி சொன்ன மாதிரி ரெண்டே முக்கா மணித்தியாலத்துல முடிஞ்சா நேரம் மிச்சம்தான். ஆனா மிச்சம் பிடிக்க வெட்டிப் போட்டது யாரைன்னு பாருங்க."

ஸனூஸே எழுந்து அவள் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தான். மரியகொரட்டி வழிமொழிந்தாள். நானும் கை தூக்கினேன். எனக்கு முன்னால் நாலு பேர் தலையாட்டியது உண்மை. அவளைப் பார்த்து.

திரும்பும் பஸ் உடுவரை தாண்டியதும் கேட்டேன்.

"ஏன் இப்படிப் பண்ணின?"

"தூசி தட்டுறவள்னு சொன்னீங்களாமே. நாலு பேரு சிரிக்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வாசிக்கத் தெரியாதவள்னு நினைச்சீங்க. நேரம் இல்லாதவ நான்" என்றாள், கோபமில்லாமல்.

"முன்னாடியே எல்லாம் வாசிச்சிருக்கியே. அப்ப மூணு கிழமையா கதிரையில இருந்து என்ன பண்ணின?"

"மறுபடி வாசிச்சேன். நல்லா இருந்துச்சுங்க. நீங்க பிளேன்டீ வேற கொண்டுவந்து தந்தீங்க."

"பல்லு?"

"பல்லுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவையும் பால்கனி டிக்கட்."

மறுநாள் நான் வெட்கத்தை விட்டு முதல் தொகுதியை எடுத்தேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் தாண்டினேன். இருநூறைத் தாண்டினேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. மகாராணியை மேகத்தைக் கடந்து கூட்டிப் போகும் ஊமை ஓடக்காரன் ஒருவன் வருகிறான். அவன் யார், அவளை ஏன் அப்படிப் பார்க்கிறான் என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றுக்குக் கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

லெட்சுமி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓ, ஓடக்காரன் வந்துட்டானா? பாவம். அவன்தான் அவ புருஷன். கடைசியில செத்துருவான்."

புத்தகம் என் கையிலிருந்து நழுவியது.

"லெட்சுமி, இது புத்தகத்துல வர்றதா, படத்துல வர்றதா, இல்ல நீயே சொல்றதா?"

"வாசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் வட்டத்துக் கூட்டத்துக்குக் கிளம்பினாள்.

இன்னும் ஆயிரத்து எழுநூற்று எண்பது பக்கம் இருக்கிறது.