புஷ்பவல்லி வீட்டில் சோறு இல்லை

இனிமேல் இந்த வீட்டில் சோறு கிடையாது என்று அறிவித்தவன் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

காரணம் டாக்டர். என் மனைவி புஷ்பவல்லிக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிலக்கு நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. எடை மட்டும் மாதம் தவறாமல் ஏறும். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. "சோறு, ரொட்டி, சீனியெல்லாம் குறைங்க. எடை இறங்கினா மாதவிலக்கு ஒழுங்காகும், பிள்ளைக்கும் வழி பிறக்கும்" என்றார் டாக்டர். கிளினிக் வாசலிலேயே புஷ்பா அழுதுவிட்டாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

"அழாத லா. நானும் உன்கூட சோத்தை விட்டுடறேன்."

"நீங்களா? ரெண்டாவது தட்டு சோறு வரலேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறவரா?"

"வேலாயுதம் சொன்னா சொன்னதுதான்!"

சுங்கை வேயில் எங்கள் வீட்டு அரிசி மூட்டை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போனது. காலையில் முட்டை. சாயங்காலம் மீன், கங்கோங் கீரை. மூன்றாம் நாள் ஆபீஸில் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தாலே எனக்கு இட்லி ஞாபகம் வந்தது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஆபீஸுக்குப் பின்னால் மாரியாயி அக்காவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அக்கா, சோறு."

"எவ்வளவு தம்பி?"

"இலை தெரியக் கூடாது."

அன்று தொடங்கியது தினமும் நடந்தது. அக்காவும் கையில் அளவே இல்லாமல் அள்ளிப் போட்டார். மகராசி! வாயில் கிராம்பைப் போட்டுக்கொண்டு அப்பாவியாக வீடு திரும்புவேன்.

"மத்தியானம் வெறும் முட்டைதானா? பாவங்க நீங்க."

"உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

புஷ்பா மெலிந்தாள். ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைத்தாள். மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. வேலை முடிந்து திடலைச் சுற்றி விறுவிறுவென்று நடந்தாள். எனக்கோ பெரிய கிராணி முன்னாலேயே கால்சட்டைப் பொத்தான் தெறித்தது.

"என்னங்க, எனக்கு இறங்குது, உங்களுக்கு ஏறுதே?"

"காத்து உடம்பு புஷ்பா."

"காத்துல மீன் தலைக்கறி வாசம் வருதே?"

"பாசார்ல மீன்கடை வழியா வந்தேன் லா!"

தீபாவளி முடிந்த கையோடு ஒரு நாள் கிளினிக்கிலிருந்து வந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"தங்கியிருக்குங்க!"

நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மனசாட்சி வேறு விழித்துக்கொண்டது.

"புஷ்பா, என்னை மன்னிச்சிரு. நீ மட்டும்தான் வாயைக் கட்டின. நான் தினமும் வெளியில சோறு தின்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மாரியாயி அக்காவும் நானும் ஒரே எஸ்டேட்ல வளர்ந்தவங்க. நீங்க அங்க போன முதல் நாளே எனக்குப் போன் போட்டுட்டாங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா கடையை விட்டுட்டு வீட்ல சோறு கேட்டு உயிரை வாங்கியிருப்பீங்க. சட்டியில சோறு இருந்தா என் கை சும்மா இருக்குமா? அதான், நல்லா அள்ளிப் போடுங்கக்கா, வீட்டுக்கு வந்து சோத்துப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சேன்."

நான் திருட்டுத்தனம் என்று நினைத்ததெல்லாம் அவள் செய்த ஏற்பாடு! கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. கெட்டிக்காரிதான் என் பெண்டாட்டி.

"எப்படியோ ஜெயிச்சுட்ட. சாமிக்கு ஏதாவது வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்காம இருப்பேனா? பிள்ளை தங்கினா தைப்பூசத்துக்குப் பத்துமலையில காவடி. அதுவரைக்கும் பாலும் பழமும்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, பிள்ளைத்தாச்சி! வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டுப் பட்டினி கிடந்து, காவடியும் தூக்கி, அவ்வளவு படியும் எப்படி ஏறுவ?"

"நான் எதுக்குங்க ஏறணும்?" என்றாள் புஷ்பா. "உங்க பேர்லதான் வேண்டிக்கிட்டேன்."