கேமராவைத் தூங்க வைத்தவன்

ஞாயிற்றுக்கிழமையை என் மாமனாரிடமிருந்து மீட்டே தீருவது என்று தீர்மானித்தேன்.

மாமனார் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, அவர் விசிலை விடவில்லை. என் தொப்பையைப் பற்றி டாக்டர் ஏதோ சொல்லப்போக, மனைவி அவரை எனக்கு நியமித்துவிட்டாள். வாராவாரம் கம்ப்யூட்டரில் வீடியோ கால். அவர் அங்கே ஊதுவார், நான் இங்கே குனிய வேண்டும். ஏமாற்றினால் பிஸ்கட் டப்பாவுக்குப் பூட்டு என்பது மனைவியின் ஆணை. பிஸ்கட் இல்லாமல் நான் எப்படி உயிர் வாழ்வது?

நேருக்கு நேர் எதிர்க்க நான் என்ன முட்டாளா? கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸைப் போட்டேன்.

"இப்ப எதுக்கு இது?" என்றாள் மனைவி.

"வைரஸ் வராது. இலவசம் வேற."

"கேமரா வேலை செய்யுமா?"

"அங்கதான் சிக்கல். அதுக்கு டிரைவர் வேணும். லினக்ஸ்ல கிடைக்கல."

"டிரைவர் இல்லேன்னா நீங்களே ஓட்டிக்க வேண்டியதுதானே?"

"அது வேற டிரைவர்மா. கேமராவையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற புரோகிராம்."

"அப்ப அப்பா?"

"அவர் பேசறது கேக்கும். நாமதான் அவருக்குத் தெரிய மாட்டோம்."

"பாவம் அப்பா," என்று பெருமூச்சு விட்டாள்.

உண்மையில் டிரைவர் லினக்ஸோடு கூடவே வந்திருந்தது. கேமரா முதல் நாளே என் தொப்பையைப் பளிச்சென்று காட்டியது. அதனால் ஞாயிறு காலையில் ஒரு வரிக் கட்டளை தட்டி டிரைவரைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போவேன். கேமரா தூங்கிவிடும்.

பிறகு சொர்க்கம்தான். மனைவி மாமனாரை அழைத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். நான் சோபாவில் மல்லாந்து, விட்டத்தைப் பார்த்தபடி, டப்பாவை வயிற்றில் வைத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்வேன்.

"குனிங்க மாப்பிள்ளை!"

"குனிஞ்சிட்டேன் மாமா... உஸ்ஸ்..."

"முட்டி மடங்கக் கூடாது!"

"மடங்கவே இல்ல மாமா!"

அது சத்தியம். நடுநடுவே கொஞ்சம் முனகினால் மாமனார் "சபாஷ்" என்பார்.

போன ஞாயிறு அவர் பாதியில் விசிலை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம்."

"சொல்லுங்க மாமா... உஸ்ஸ்..."

"க்ரீம் இல்லாத பிஸ்கட்டை விக்கறார்னு என் பொண்ணு கடைக்காரரோட சண்டை போட்டாளாம். நீங்க க்ரீமை மட்டும் நக்கிட்டு மிச்சத்தைத் திரும்ப டப்பாவுல போடறதை அவகிட்ட சொல்லிடலாமில்ல?"

துள்ளி எழுந்தேன். கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் மனைவி.

"கேமரா எப்படி...?"

"காலையில ஏதோ தட்டிட்டு நீங்களே சிரிச்சுக்கறீங்க. நீங்க சிரிச்சா எனக்குச் சந்தேகம் வரும். நீங்க குளிக்கப் போனதும் கம்ப்யூட்டரை ஒருதடவை அணைச்சுத் திரும்பப் போட்டுடுவேன்."

அணைத்துத் திரும்பப் போட்டால் கழற்றிய டிரைவர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரிந்திருக்கக்கூட வேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

"இன்னிக்குத்தானே?" என்றேன் ஈனக் குரலில்.

"எல்லா ஞாயிறும்தான்."

"அப்ப மாமா ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நேத்துதான் அப்பா போன்ல சொன்னார். அம்மா விடலையாம். ஞாயித்துக்கிழமையில அவங்களுக்கு வேற பொழுதுபோக்கு இல்லையாம்."

திரையில், மாமனாருக்குப் பின்னால், மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

மாமனார் விசில் ஊதினார். எழுந்து குனிந்தேன். முட்டி மடங்கிவிட்டது.