இருபத்து நான்கு சொற்களும் ஒரு தாம்பாளமும்

ஜாக்கிரதையான ஆள் என்று பெயரெடுத்தவனிடம் எதையும் ஒப்படைக்காதீர்கள். கவனமில்லாதவன் தொலைத்த பொருள் மேசைக்கு அடியில் கிடைத்துவிடும். ஜாக்கிரதையானவன் பத்திரப்படுத்திய பொருள் கிடைக்கவே கிடைக்காது. நான் ஜாக்கிரதையானவன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் என்றைக்கு மழை பெய்தது, பஸ் கட்டணம் எப்போது ஏறியது, யார் வீட்டுக் கிணறு எந்த மாதம் நிரம்பியது என்பதெல்லாம் முப்பது வருஷமாக என் டைரிகளில் இருக்கிறது. (இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன்.) இந்தப் புகழை நம்பித்தான், ராணுவத்தில் இருக்கும் என் மச்சினன் கருப்பசாமி வடக்கேயிருந்து போன் செய்தான்.

"அத்தான், சம்பளத்துல மிச்சம் பிடிச்சு பிட்காயின் வாங்கியிருக்கேன். ஆப்புல கெடக்கு. எவனாச்சும் ஹேக் பண்ணிட்டான்னா சேத்தூர்ல வீடு கட்டுன மாதிரிதான். ஹார்டுவேர் வாலட் ஒண்ணு அனுப்புதேன். செட் பண்ணிப் பத்திரமா வைங்க. ஒங்கள விட்டா எனக்கு ஆளு கெடையாது."

பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி வந்தது. நகம் அளவுக்கு ஒரு திரை, இரண்டு பொத்தான்கள். கூட வந்த விளக்கத் தாளை மூன்று முறை படித்து, அடிக்கோடிட்டு, தேதி போட்டு வைத்தேன். அதன் சாரம் இதுதான். கருவியைத் திறக்க ஒரு பின் நம்பர். மூன்று முறை தப்பாகப் போட்டால் கருவி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். அப்போதும் பயமில்லை, முதல் நாள் அது காட்டிய இருபத்து நான்கு இங்கிலீஷ் சொற்களை அதே வரிசையில் உள்ளிட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். சொற்களும் போனால் பணம் போனது போனதுதான்.

பின் நம்பராக ஒரு தேதியைப் போட்டேன். அதை வெளிப்படையாக எழுதி வைக்க நான் என்ன பைத்தியமா? டைரியில் "பின்: முக்கியமான நாள்" என்று மட்டும் குறித்துவிட்டு, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மச்சினனும் அங்கிருந்தபடியே தன் சேமிப்பு முழுவதையும் இந்த வாலட்டுக்கு மாற்றிவிட்டான்.

அடுத்து அந்தச் சொற்கள். காகிதத்தைக் கரையான் அரிக்கும், உலோகத்தில் பொறித்து வைப்பது உத்தமம் என்றது விளக்கத் தாள். அதற்கு நம் பக்கத்தில் வழியா இல்லை? சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறார்களே! உள்ளூரில் வெட்டினால் விஷயம் கசியும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். பாத்திரக்கடையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் வாங்கி, வாசலில் மெஷினோடு உட்கார்ந்திருந்த பேர் வெட்டும் பாயிடம் கொடுத்து, சொற்கள் எழுதிய சீட்டை நீட்டினேன்.

அவர் நடுவிலிருந்து வாசித்தார். "கேபேஜ், அங்கிள், மேங்கோ... இது யாருக்கு அண்ணாச்சி சீரு?"

"சீரு இல்ல பாய். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம்."

"தாம்பாளத்துலயா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, நம்பர் போடணுமா?"

"வேண்டாம், வேண்டாம். வரிசையாத்தான இருக்கு."

மெஷின் கிர்ரென்றது. யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று நான் தெருவையே காவல் காத்தேன். தெருவில் போன அத்தனை பேரையும் பார்த்தேன், தாம்பாளத்தைத் தவிர. முடிந்ததும் சீட்டோடு ஒப்பிட்டு, சொல் சொல்லாக டிக் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. வரிசையும் மாறவில்லை. வீட்டுக்கு வந்து, விதிப்படி சீட்டை எரித்தேன். எரித்த நேரத்தையும் டைரியில் குறித்தேன். தாம்பாளம் பரணுக்குப் போனது.

நாலு மாதம் கழித்து மச்சினன் போன் செய்தான். லீவு கிடைத்துவிட்டது, அஸ்திவாரம் போட நாள் குறித்தாகிவிட்டது, வந்ததும் பணம் எடுக்க வேண்டும்.

டைரியைத் திறந்தேன். "முக்கியமான நாள்." என் டைரிகளில் நானே "முக்கியம்" என்று சிவப்பு மையில் எழுதிய நாள்கள் நாற்பதுக்குக் குறையாது. முதலில் எங்கள் கல்யாணத் தேதி. தப்பு. (பின்னால் நின்ற என் மனைவி முத்துமாரி, "அப்ப நம்ம கல்யாண நாளு முக்கியமில்லையோ?" என்றாள். அதற்கு இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) அடுத்து மச்சினன் பட்டாளத்தில் சேர்ந்த தேதி. தப்பு. மூன்றாவதாகக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்த தேதி. கருவி தன்னைத் துடைத்துக்கொண்டது.

"பதறாத, தாம்பாளம் இருக்கு" என்று பரணிலிருந்து இறக்கினேன்.

அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். பாய் வழக்கம்போல விளிம்பைச் சுற்றி வெட்டியிருந்தார். ஒரு சொல், ஒரு பூ, ஒரு சொல், ஒரு பூ என்று வட்டமாக. ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. கையில் சீட்டு இருந்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. முதல் சொல்லைச் சீட்டில் பார்த்தேன், அதைத் தாம்பாளத்தில் கண்டுபிடித்தேன், டிக் அடித்தேன். அவ்வளவுதான்!

"எங்கன இருந்து வாசிக்க?" என்றாள் முத்துமாரி.

"அம்ப்ரெல்லா. நல்லா ஞாபகம் இருக்கு. மழை நாள்ல எழுதினேன்."

இரண்டு பொத்தானை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு சொற்களை எழுத்தெழுத்தாக உள்ளிட முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிச் சொல்லுக்குப் பிறகு "செல்லாது" என்றது. கை தவறியிருக்கும் என்று மறுபடி அம்ப்ரெல்லா. செல்லாது. பிறகு வலப்பக்கம் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து, ஒவ்வொன்றையும் தொடக்கமாக வைத்துப் பார்த்தோம். அவள் தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்க, நான் அமுக்க, மூன்று நாளில் பதினான்கு முயற்சி.

"வெட்டுன ஆளு உயிரோடதான இருக்காரு? போயிக் கேட்டா என்ன?"

"ரகசியம் வெளிய போயிரும்."

"உள்ள இருந்து மட்டும் என்ன கிழிச்சுச்சு?"

நாலாம் நாள் காலையில் மச்சினன் பெட்டியோடு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். தரையில் தாம்பாளத்துக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது.

"அத்தான், எட்டு வருசம் பனியில நின்ன காசு" என்றான். கருவியைச் சட்டைப் பையில் போட்டு, தாம்பாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். நான் துண்டோடு பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் துண்டைப் போட்டு நான் மூட மூட அது நழுவியது. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பனானா, கோட்... நல்லாருக்கே! எங்கன வாங்குனிய?" என்றார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாய் தாம்பாளத்தை வாங்கி ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினார்.

"இந்தா, இங்கன பாருங்க. வட்டம் முடியும்போது செத்த எடம் மிஞ்சுச்சு. ரெண்டு பூவா போட்டு அடைச்சேன். அதுக்கு அடுத்ததுதான் ஆரம்பம்." விரலை வைத்துப் படித்தார். "டாங்கி. கழுதை அண்ணாச்சி."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் தாம்பாளத்தைப் பார்த்தேன். கழுதைக்கு வலப்பக்கம் அம்ப்ரெல்லா. அதாவது, முதல் நாள் ஒரே ஒரு சொல் இடப்பக்கம் நகர்ந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

கடை வாசலிலேயே உட்கார்ந்து அவனே உள்ளிட்டான். கருவி திறந்தது. தொகை முழுவதும் அப்படியே இருந்தது. அதுவரை மூச்சே விடாதவன் போல ஒரு பெருமூச்சு விட்டு, பாய்க்கும் எனக்கும் டீ வாங்கித் தந்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த சொற்கள் இனி உதவாது என்று, அன்றைக்கே எல்லாவற்றையும் புது வாலட்டுக்கு மாற்றினான். அதன் பின் நம்பர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

சேத்தூரில் வீடு எழும்பிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு அந்தத் தாம்பாளத்தில்தான் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். அன்று பந்தியில், என் டைரியிலிருந்து எங்கள் தெருவின் மழை வரலாற்றை நான் எடுத்துவிட்டபோது, மச்சினன் எல்லோருக்கும் கேட்கும்படி, "அத்தான், ரெண்டு பூ எங்கன இருக்குன்னு பாத்து ஆரம்பிங்க!" என்றான். பந்தியே சிரித்தது. இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் நான் எதைப் பேச வாயெடுத்தாலும், யாராவது ஒருவர் இரண்டு விரலை உயர்த்திக் காட்டுகிறார்கள்.