தூக்கணாங்குருவிக் கூடும் என் மாதிரிப் பாடமும்

கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் சறுக்கினால், பத்துப் பேர் பார்க்கத்தான் சறுக்குவாள். நான் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கும் தேர்வாளர் அம்மாவுக்கும் முன்னால் சறுக்கினேன்.

ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் ஆசிரியைப் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பாலக்கரை ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நான் தேறி வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மாதிரிப் பாடத்துக்கு எனக்கு விழுந்த தலைப்பு, பறவைகள் கூடு கட்டும் விதம்.

படம் வரைந்து காட்டியிருந்தால் போதும். (நமக்குத்தான் போதாதே!) நிஜக் கூடுகளையே சேகரித்தேன். குச்சியோடு கம்பியும் செருகிய காக்கைக் கூடு ஒன்று, இலையைப் பஞ்சால் தைத்த தையல்சிட்டின் கூடு ஒன்று. ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடக் கரைப் பனையடியில் காற்றுக்கு விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூடு மூன்றாவது. லேசாக ஒரு வாடை வந்தது. ஆற்றுச் சேறு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

பாடம் அமர்க்களமாகப் போனது. காக்கை அடுக்கும், சிட்டு தைக்கும், தூக்கணாங்குருவி பின்னும் என்றேன். பாம்பு நுழையத் தயங்கும் குழாய் வாசல், மழை இறங்காத கூரை, குஞ்சுக்கு இதைவிடப் பத்திரமான இடம் உலகத்திலேயே கிடையாது என்று முழங்கினேன். தேர்வாளர் அம்மா தலையை ஆட்டினார். அந்த உற்சாகத்தில் முன்வரிசைச் சிறுமியைக் கூப்பிட்டு உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அவள் உள்ளங்கையில் வெளியே வந்தது ஒரு குஞ்சு. இறகு முளைக்காதது, எறும்பு மொய்த்தது.

"டீச்சர், இது தூங்குதா?"

ஆமாம் என்றேன். (வேறென்ன சொல்ல?)

"எறும்பு கடிக்குதே, ஏன் முழிக்க மாட்டேங்குது?"

அவள் அழ ஆரம்பித்தாள். பிறகு வகுப்பே அழுதது. கடைசியில் நானும். தேர்வாளர் அம்மா எழுந்து, "போதும்மா, நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேறவில்லை என்று சேதி வந்த அன்று சாயங்காலம் அம்மா அரிசி டின்னைத் திறக்கப் போனாள். வாய் கோணி, மாதக்கணக்கில் பேச்சு குழறிக் கிடந்த அப்பா மெதுவாகச் சொன்னார்.

"பாத்துத் தொற. உள்ள யாராவது இருக்கப் போறாங்க."

அம்மா எட்டிப் பார்த்தாள். "யாரும் இல்லைங்க. அரிசியும் இல்லை."

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. மறு வருஷம் நான் தேறியபோது அவர் இல்லை.

இன்றும் எங்கள் வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும், "உள்ள யாரும் இல்லையே?" என்று ஒரு குரல் வரும். மருமகள்கள்கூடப் பழகிவிட்டார்கள். பெரும்பாலும் உள்ளே அரிசி இருக்கிறது.