பின்னுகொடியும் அம்மாவின் கல்யாணப் பட்டும்

பாடம் நடத்துகிறவளுக்கு நல்ல உதாரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் புத்தி வேலை செய்யாது. எனக்கு அது முந்தானையாகக் கிடைத்தது.

தாவரவியல் படித்துவிட்டு ராயபுரத்து வீட்டில் சும்மா இருந்த காலம். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை நின்றுபோய் அப்பாவும் சும்மா இருந்தார். வீட்டில் யாரும் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். அம்மா தன் கல்யாணப் பட்டை எனக்குக் கட்டிவிட்டு, "வேலைய வாங்கிகினு வா" என்றாள்.

பாடம் ஏறுகொடிகள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. பாகல் பற்றுக்கம்பியால் பிடித்து ஏறும் என்பதுவரை ஒழுங்காகப் போனது. சங்குப்பூ பின்னுகொடி, அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே சுற்றிக்கொண்டு ஏறும் என்றபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். (எனக்கே வந்தது.) சட்டென்று முந்தானையை ஜன்னல் கம்பியில் சுற்றிக் காட்டினேன். நுனி வெளியே தொங்கியது.

திரும்ப இழுத்தேன். வெளியிலிருந்து யாரோ இன்னும் பலமாக இழுத்தார்கள். எட்டிப் பார்த்தால், ஓர் ஆடு ஜரிகையை மென்றுகொண்டிருந்தது.

ஆட்டுக்காரம்மா ஓடிவந்து அதன் வாயிலிருந்து நுனியைப் பிடுங்கினார். திட்டு எனக்குத்தான். "இன்னாம்மா நீ, ஆட்டுக்குப் போய் பட்டுப் பொடவைய துன்னக் குடுக்குற? வவுத்த வலிச்சா யார் பாக்கறது?"

வகுப்பே சிரித்தது. கம்பியிலிருந்து அவிழ்க்கப் பார்த்தேன், இன்னும் இறுகியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். "மிஸ், சுத்துன பக்கமே திருப்பியும் சுத்தறீங்க. அந்தாண்ட சுத்துங்க."

பின்னுகொடி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு திசையில்தான் சுற்றும். அந்த நொடியில் அதைச் சொல்லியிருந்தால் பாடம் பிழைத்திருக்கும்.

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றார். அந்தக் கனிவில்தான் வேலை இல்லை என்று புரிந்தது.

வீட்டில் அம்மா கிழிசலை விரலால் தடவினாள். கடைசியில் கேட்டாள்: "ஆட்டுக்கு ஒண்ணும் ஆவலியே?"

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார். அவர் சிரிக்கும் சத்தம் தெருவிலிருந்து கேட்டது. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

இப்போது மீஞ்சூரில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் தம்பி முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பினான். அப்பா வாசல்வரை போய், டையைச் சரிசெய்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"நைனா, ஜன்னலாண்ட மட்டும் குந்தாதே."