சுதந்திரக் கோழிக்கு ஒரு வேலி

ஒரு காட்டில், இன்னும் யார் பெயருக்கும் பட்டா ஆகாத ஒரு காட்டில், செங்காலி என்றொரு காட்டுக்கோழி உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் அடை உட்கார்ந்திருந்தாள். இதற்கு முன் இட்ட இரண்டு ஈடு முட்டைகளையும் உடும்பு குடித்துவிட்டது. ஓடுகளை மட்டும் நாகரிகமாக ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. இந்த ஈடாவது குஞ்சாக வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் காட்டு ராஜாவான சிங்கத்துக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கண்ட முட்டையைச் சாப்பிட்டதுதான் காரணம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மறுநாளே கிளி மரத்துக்கு மரம் பறந்து கத்தியது.

"இனிமே இந்தக் காட்டுல முட்டைன்னா சான்றிதழ் வேணும்! இயற்கைத் தீவனம் தின்னு, சுதந்திரமா திரியற கோழியா இருக்கணும்! மீறினா தண்டனை!"

அதைக் கேட்டதும் செங்காலி புருஷன் கொண்டைராசுவைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, காதுல விழுந்துதுங்களா? சான்றிதழ் இல்லீன்னா நம்ம முட்டைய விட்டு வெப்பாங்களா? ஓடிப்போய் விண்ணப்பம் குடுத்துட்டு வாங்க."

"அது எதுக்குச் சான்றிதழ்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, அம்மிணி…"

"கேட்டுட்டு நிக்கறதுக்குள்ள ஊரே வாங்கிப் போடும். கெளம்புங்க!"

எதற்கு என்று தெரியாமலே வரிசையில் போய் நிற்கிற பழக்கம் நமக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. கொண்டைராசு போனபோது அங்கே ஆமை, மைனா, எறும்பு எல்லாம் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்காவது முட்டை உண்டு. முயலும் நின்றது.

விண்ணப்பத்தை விசாரிக்க நரியார் செங்காலியின் புதருக்கே வந்தார். நரி என்றதும் உங்கள் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தப்பு. அவர் நேர்மையான நரி. கை நீட்ட மாட்டார், வாயும் நீட்ட மாட்டார். ஒரு விதியைக்கூட விட்டுக்கொடுக்காதவர். தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

"சுதந்திரமா வெளியில திரியற கோழின்னு எழுதியிருக்கீங்க. எதுக்குள்ள இருந்தும்மா வெளியில வர்றீங்க?"

"நான் எப்பவும் வெளியிலயேதானுங்க இருக்கேன்."

"அப்படி ஒரு பிரிவே இல்லையேம்மா. கொட்டகை இருக்கணும், அதுக்குக் கதவு இருக்கணும், கதவு தொறந்திருக்கணும். அப்பத்தான வெளியில வந்ததா அர்த்தம்? மேய்ச்சல் நிலம்னு ஒண்ணு வேணும். அதைச் சுத்தி வேலி வேணும்."

"இந்தக் காடு பூராவும் மேய்ச்சல்தானுங்களே!"

"காட்டை நான் எப்படிம்மா அளக்கறது?" என்றார் நரியார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஆக, கூண்டையே கண்டிராத கோழிக்கு, சுதந்திரம் வாங்கித் தருவதற்காகக் கொட்டகை கட்டும் வேலை தொடங்கியது. முள்ளம்பன்றி மேஸ்திரிதான் எடுத்துக்கொண்டான். முதல் நாள் வந்து குழி தோண்டினான். அப்புறம் பெண் பார்க்கப் போய்விட்டான். பிறகு வந்தவன் வேலிக்கு முள் போதவில்லை என்றான். உடம்பெல்லாம் முள்ளோடு நின்றுகொண்டு அவன் அதைச் சொன்னதைக் கேட்டுச் செங்காலிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடையை விட்டு எழுந்திருக்க முடியாததால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வசவு பொழிந்தாள். ஒருவழியாகப் புதரைச் சுற்றிக் கொட்டகையும், கொட்டகையைச் சுற்றி வேலியும் வந்தன.

நரியார் கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். திருப்தி. பிறகு தீவனத்துக்கு வந்தார்.

"என்ன சாப்பிடறீங்க?"

"கரையானுங்க."

"அந்தக் கரையான் என்ன சாப்பிடுது?"

"மரமுங்க."

"மரத்துக்கு யாராவது உரம் போட்டாங்களா, மருந்து அடிச்சாங்களான்னு கரையான்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

கொண்டைராசு புற்றுக்குப் போனான். கரையான்கள் தங்கமானவை. நான்கைந்து பெரியவர்கள் கையெழுத்துப் போட வெளியே வந்து வரிசையாக நின்றார்கள். கொண்டைராசு நல்லவன்தான், ஆனால் காலையிலிருந்து பட்டினி. திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"கையெழுத்து எங்கீங்க?"

"உள்ள போயிருச்சு, அம்மிணி."

மறுபடி புற்றுக்குத் தூது போய், சமாதானம் பேசி, கொண்டைராசு வாயைக் கட்டிக்கொண்டு நிற்க, கையெழுத்து கிடைப்பதற்குள் செங்காலி இளைத்துப் போனாள். ஒவ்வொரு நாளும் உடும்பு எந்தப் பக்கம் இருந்து வருமோ என்று அவளுக்குத் தூக்கம் இல்லை. இந்த ஆபீஸ் நாசமாகப் போக என்று வாய்விட்டே சபித்தாள்.

மண்ணில் புரண்டு குளிக்கத் தனி இடம் இருக்கிறதா என்று நரியார் பார்த்தார். இருந்தது. பண்ணைக் கோழிக்குச் செய்வதுபோல் அலகை வெட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தார். வெட்டவில்லை என்பதைச் செங்காலி அவர் மூக்கிலேயே நிரூபித்தாள். கடைசியாக ஒரு விதி மிச்சம் இருந்தது.

"கோழி பயமில்லாம இருக்கணும். பயப்படறீங்களா?"

நரி ஒன்று முகத்துக்கு நேரே பல் தெரியக் கேட்டால் கோழி என்ன சொல்லும்?

"இ… இல்லீங்க."

"நடுங்கறீங்களே?"

"குளுருங்க."

"சித்திரை மாசத்துலயா?"

நரியார் நேர்மையானவர் என்று சொன்னேன் அல்லவா? பொய்யை எழுத அவருக்கு மனம் வரவில்லை. தன்னால்தான் இந்தம்மா பயப்படுகிறாள் என்று புரிந்ததும், இரண்டு நாள் கழித்து முயல் மாதிரி வந்தார். தலையில் இரண்டு சேம்பு இலைகளைக் காதாகக் கட்டியிருந்தார். தத்தித் தத்தி வந்து, "இப்ப?" என்று கேட்டார். செங்காலி சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பயமில்லை" என்று எழுதிக்கொண்டார் நரியார்.

சான்றிதழ் ஒரு காலை நேரத்தில் வந்தது. நரியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"செங்காலி என்கிற இந்தக் கோழியின் முட்டைகள் இயற்கையானவை, சுத்தமானவை, அனைவரும் உண்ணத் தகுந்தவை."

"உண்ணவா?" என்றாள் செங்காலி.

அப்போதுதான் கதவுக்கு வெளியே பார்த்தாள். நீண்ட வரிசை ஒன்று நின்றது. முன்னால் அரண்மனைச் சமையல்காரக் கரடி கூடையோடு. பின்னால் கீரி, மலைப்பாம்பு. உடும்பு கைகட்டிக்கொண்டு நின்றது.

"தாயி, அப்பல்லாம் திருட்டுத்தனமா குடிச்சேன். அது தப்பு," என்றது உடும்பு. "இன்னிக்கு முறைப்படி வந்திருக்கேன்."

"சார், என்ர முட்டைய யாரும் தொடக்கூடாதுன்னுதானுங்க சான்றிதழ் கேட்டேன்!"

நரியார் திகைத்துப் போனார். "தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்களேம்மா. சான்றிதழ் இல்லாத எதையும் இந்தக் காட்டுல யாரும் வாயில வெக்கக் கூடாது. அதுதான் சட்டம். தண்டனை தின்னவங்களுக்கு, உங்களுக்கு இல்ல."

"அப்ப நான் சும்மா இருந்திருந்தா?"

"ஒருத்தரும் கிட்டக்கூட வந்திருக்க மாட்டாங்க."

செங்காலி கொண்டைராசுவைப் பார்த்தாள். கொண்டைராசு கூரையைப் பார்த்தான். அவள் ஓவென்று அழுதாள். தன் காலாலேயே தன் கூட்டைக் கலைத்துக்கொண்ட அழுகை அது. கரடிக்கே கூடை கனத்தது.

"எந்திரிங்கம்மா, வரிசை நிக்குது," என்றார் நரியார்.

எழுந்தாள். அடியில் ஒரு முட்டைகூட இல்லை. ஓடுகள் கிடந்தன, அவற்றின் நடுவே ஈரம் காயாத குஞ்சுகள் கிடந்தன. கொட்டகை, கரையான், முயல்காது என்று ஆபீஸ் ஓட்டிய நாட்களில் அவை பாட்டுக்குப் பொரிந்துவிட்டன.

"அதனால என்ன, குஞ்சும் ருசியாத்தான் இருக்கும்," என்று கரடி கையை நீட்டியது.

நரியார் குறுக்கே பாய்ந்தார். "கையை எடு! சான்றிதழ் முட்டைக்கு. இதுக்குக் கால் இருக்கு. கால் உள்ளதுக்குத் தனிச் சான்றிதழ்!"

வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. நரியார் மகிழ்ச்சியோடு பையிலிருந்து புதிய தாள்களை எடுத்தார். "குஞ்சுகளுக்கும் இப்பவே ஒரு விண்ணப்பம் போட்டுடலாமாம்மா?"

"குடுங்க சார், எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்," என்று கொண்டைராசு இறக்கையை நீட்டினான்.

செங்காலி அவன் கொண்டையில் போட்டாள் ஒரு கொத்து. குஞ்சுகளுக்கு இறகு காய்ந்ததும் அவற்றைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். கதவு விதிப்படி திறந்தே இருந்தது.

நீதி: சும்மா இருப்பவர்களைச் சட்டம் காப்பாற்றும். விண்ணப்பித்துவிட்டவர்களை ஆபீஸின் தாமதம்தான் காப்பாற்ற வேண்டும்.